நீ அழைத்த விருந்தாளி வந்து சேர்ந்தார்

காதர் அண்ணா, உனக்கு என் சலாம். பதில் சலாம் என் காதில் விழாது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

நம் ஊரில் பெண்கள் கபரஸ்தானுக்குப் போகும் வழக்கமில்லை. அத்தா வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து உன்னை அடக்கிய மண்ணருகே வந்து நிற்கிறார். ஆனால் அங்கே நின்று அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார் என்பது உனக்கே தெரியும். அதனால் நடந்ததையெல்லாம் நான் எழுதுகிறேன். எழுதி, பட்டணத்து மாதப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பப் போகிறேன். நம்மைப் பற்றிப் பூந்தமல்லி கடைத்தெருவில் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். நம் பக்கத்தையும் ஒரு தடவை சொல்லிவிட வேண்டாமா?

உன் சிநேகிதர் வால்டர் வந்தார் அண்ணா. நீ போன பிறகு வந்தார்.

படிக்கிறவர்களுக்கு வால்டர் யாரென்று தெரியாது. உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ கல்லூரியில் கடைசி வருஷம் படித்தபோது, ஜெனீவாவில் பல தேசத்து மாணவர்களுக்குக் கோடைக்காலப் படிப்பு ஒன்று நடத்துகிறார்கள், போகவும் தங்கவும் அவர்களே உதவுகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. படிப்பின் பெயர் சிறுபான்மையோர் பாதுகாப்பு. உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தகரக்கடை இஸ்மாயில் சாய்பு மகன் சீமைக்குப் போகிறான் என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. நீ மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "சிறுபான்மையில ஒர்த்தன் வேணும்னாங்க. எங்க காலேஜ்ல தேடிப் பாத்தாங்க, நான் கெடச்சேன்."

திரும்பி வந்து நீ சொன்ன கதைகளில் பாதி வால்டரைப் பற்றித்தான். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் பன்றி இறைச்சியை எடுக்க, நீயும் எதிரே இருந்த ஒரு ஜெர்மன்காரரும் மட்டும் உருளைக்கிழங்குத் தட்டை ஒரே நேரத்தில் இழுத்தீர்களாம். அவர் யூதர். சட்டம் படிக்கிறவர். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது என்றாய்.

வகுப்பில் ஒரு நாள், சிறுபான்மையோரைக் காப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தேசங்களின் பெயர்களைப் பேராசிரியர் வாசித்தார். நீ எழுந்து, எங்கள் நாடு இதில் இல்லையே என்றாய். உங்கள் நாட்டை ஆள்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். வால்டர் சிரிக்கவில்லை. வெளியே வந்து உன் தோளைத் தட்டி, "என் நாடும் அதில் இல்லை" என்றார். பெயர் விட்டுப்போன இரண்டு பேரும் அந்தக் கோடை முழுவதும் ஏரிக்கரையில் சேர்ந்தே நடந்தீர்கள்.

பிறகு அவர் ஊரில் நடந்ததெல்லாம் நம் ஊர்ப் பத்திரிகைகளிலேயே வந்தது. யூதர்களின் தொழுகைக் கூடங்களைக் கொளுத்தினார்கள், கடைகளை உடைத்தார்கள் என்று நீ வாசித்துக் காட்டினாய். வால்டர் உனக்கு எழுதினார். எந்தத் தேசமாவது உள்ளே விட்டால் தப்பிக்கலாம், விடுவதற்கு அங்கே யாராவது உத்தரவாதம் சொல்லவேண்டும் என்று. உன் கல்லூரிப் பேராசிரியரின் வீட்டுக்கும் கோட்டையிலுள்ள சர்க்கார் ஆபீசுக்கும் நீ எத்தனை தடவை நடந்தாய்! அவரே கடைசியில் உத்தரவாதம் எழுதிக் கொடுத்தார். அனுமதி கிடைத்ததும், "வந்துடு, எங்க ஊட்ல எடம் கீது" என்று நீ எழுதிப் போட்டதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாய்.

அதற்குப் பிறகுதான் உனக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு என்றார் டாக்டர். எந்த மருந்தும் கேட்கவில்லை அண்ணா. இதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நீ இல்லை என்று நான் வால்டருக்கு எழுதினேன். கடிதம் அங்கே போய்ச் சேருவதற்குள் அவர் கப்பலேறிவிட்டார்.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த கொஞ்ச நாளில், நல்ல உச்சி வெயிலில், பட்டணத்து பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு வெள்ளைக்காரர் கடைவாசலில் வந்து நின்றார். கையில் கம்பளிக் கோட்டு. முகமெல்லாம் சிவந்து கிடந்தது. அத்தா அவசரமாகச் சுத்தியலைக் கீழே வைத்தார். அவர் அத்தாவைப் பார்த்து, "காதர்?" என்றார். அந்த ஒரு சொல்தான். சொல்லும்போது சிரித்தார்.

அத்தா உள்ளே திரும்பி என்னைப் பார்த்தார். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தானே. திரைக்குப் பின்னால் நின்று, காதர் காலமாகிவிட்டார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் இங்கிலீஷில்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு, எப்போது வருவார் என்று கேட்டார். நான் இன்னொரு தடவை சொன்னேன். வாசலில் கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அம்மாதான் முதலில் அசைந்தாள். "அழுவறதுக்கு முன்ன ஒரு வாய் தண்ணி குடிக்கச் சொல்லுடி. எம் புள்ள இருந்தா இப்டி வெயில்ல உக்கார வச்சிருப்பானா?"

கடைக்குப் பின்னால் தகரத்தகடு அடுக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தோம். உன் லுங்கியை அம்மா எடுத்துக் கொடுத்தாள். கணுக்கால் தெரியக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நீ போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மா சிரித்து நான் பார்த்தேன். உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சும்மா இருக்கமாட்டேன் என்று அத்தாவோடு உட்கார்ந்து தகர விளக்குகளுக்கு ஈயம் பற்றவைக்கப் பழகினார். விரல் எல்லாம் கொப்புளம். "சூடு கீது" என்று அவர் சொன்னால் கடைக்கு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி ஒரு நாள் கடைக்கு வந்தார். உன் ஜனாஸாவை அடக்கம் செய்ய எல்லா ஏற்பாட்டையும் முன்னால் நின்று செய்தவர் அவர்தான். அதை நான் மறக்கவில்லை. "இஸ்மாயிலு, நெஞ்சத் தொட்டுச் சொல்லு" என்றார். "பாலஸ்தீனத்துல நம்ம ஜனங்களோட நெலமெல்லாம் கையவுட்டுப் போய்க்கினு கீது. வெள்ளிக்கெழம எல்லாரும் துவா கேட்டோம். நீயும் கை ஏந்துனே. அந்தக் கையாலயே யூதனுக்குச் சோறு போட்றியா?"

"அந்த துவாவும் நெசம்தான், இந்தச் சோறும் நெசம்தான்" என்றார் அத்தா. "அங்க நெலத்த வாங்குனவன் இவன் இல்ல. இவன் ஊட்டையே புடுங்கிக்கினு தொரத்திட்டாங்க. எம் புள்ள வரச் சொன்னான், வந்துக்கிறான்."

"புள்ளதான் இல்லியே இஸ்மாயிலு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அத்தாவுக்கு அதற்குப் பதில் வரவில்லை. தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்தவல்லி போன பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதும் பொய்யில்லையே. வீட்டையும் வயலையும் விட்டுப் போகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எந்த ஒப்பந்தத்திலும் இடமில்லை. ஒருவருக்காக அழுதால் இன்னொருவருக்கு வாசலைச் சாத்தத்தான் வேண்டுமா? இதற்கு ஜெனீவாவில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? நீ இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அடுத்த அடி என் மேலேயே விழுந்தது. நசரத்பேட்டையில் எனக்கு நீ பேசி முடித்த சம்பந்தம். மாப்பிள்ளையின் தாயார் வந்து பாயில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த சர்பத்தைத் தொடவில்லை. "கல்யாணமாவாத பொண்ணு கீற எடத்துல வெள்ளக்காரன வச்சிக்கினு கீறீங்க. எம் புள்ள நாலு பேரு முன்ன தல நிமிந்து நடக்க வாணாவா? அவன அனுப்பிட்டுச் சேதி சொல்லுங்க. அப்பறமா தேதி பாப்போம்."

அத்தா அன்று சாப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உன் வாழ்க்கம்மா இது. நீ இன்னா சொல்றியோ அதான்" என்றார்.

"அவருக்குப் போவ எடமில்ல அத்தா. எனுக்கு இந்த ஊடு கீது" என்றேன்.

இதைக் கேட்டு நான் பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொள்ளாதே. சம்பந்தம் முறிந்தது. பின்கட்டில் போய் உட்கார்ந்து நான் அழுதேன். உன் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. பாதுகாப்பு என்று ஒரு கோடை முழுவதும் கேட்டுவிட்டு வந்தாய், வாக்குக் கொடுத்தாய், கொடுத்த வாக்கை எங்கள் தலையில் வைத்துவிட்டு நீ போய்விட்டாய். அப்படித்தான் தோன்றியது. இப்போதும் சில நாள் தோன்றுகிறது. உன்னிடம் மறைப்பானேன்?

வால்டருக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு அத்தா முன்னால் வந்து நின்றார். பட்டணத்தில் எங்காவது இருந்துகொள்கிறேன் என்றார். அத்தாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பெட்டி மட்டும் புரிந்தது. அதைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, பற்றவைக்கும் உலை ஆறுகிறது என்று கையால் காட்டினார்.

பிறகு ஐரோப்பாவில் சண்டை மூண்டது. செய்தி வந்த சில நாளிலேயே சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு கடைக்கு வந்தார். "சாய்பு, ஜெர்மன்காரன் ஒர்த்தன் இங்க கீறானாமே. புடிச்சிக்கினு வரச் சொல்லி ஆர்டர்."

நான் அன்று திரைக்குப் பின்னால் நிற்கவில்லை அண்ணா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வால்டருடைய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டேன். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு எழுத்து குத்தியிருக்கும். "இத்தப் பாருங்க சார். யூதர்ன்னு அந்த கவர்மெண்டே குத்தி அனுப்பிச்ச முத்திரை. இவரு எங்க ஆளு இல்லன்னு அவங்க தொரத்திட்டாங்க. நீங்க அவங்க ஆளுன்னு புடிக்கிறீங்க. அப்ப இவரு யாரோட ஆளு?"

சப்-இன்ஸ்பெக்டர் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நீ கேக்கறது ஞாயம்தாம்மா" என்றார். "ஆனா எந்த தேசத்து பாஸ்போர்ட்டுன்னு மட்டும்தான் எங்கள பாக்கச் சொல்லிக்கிறாங்க. முத்திரையப் பாக்கச் சொல்லல."

வால்டர் அந்தக் கம்பளிக் கோட்டை எடுத்து, அந்தப் புழுக்கத்திலும், பித்தான் பித்தானாகப் போட்டுக்கொண்டார். "காதரும் நானும் கேட்ட வகுப்புகளில் இந்தப் பாடம் வரவில்லை" என்று என்னிடம் சொன்னார். அம்மா ஓடிவந்து ரொட்டிப் பொட்டலம் ஒன்றை அவர் கையில் திணித்தாள். தெருவில் எல்லோரும் பார்க்க அவரை நடத்திக்கொண்டு போனார்கள். திருடனைப் பிடித்ததுபோல.

எங்கே கொண்டு போனார்கள் என்பதே எங்களுக்கு வெகு நாள் தெரியவில்லை. பிறகு தெரிந்தது, ஜெர்மன்காரர்கள் எல்லோரையும் ஒரே முகாமில் அடைத்திருக்கிறார்கள் என்று. அவரை விரட்டியவர்களின் தலைவனுக்குக் கை உயர்த்துகிறவர்களும் அதே கொட்டகையில். இவரைக் கண்டால் தரையில் துப்புவார்களாம். எதற்காக அவ்வளவு கடல் தாண்டி வந்தார்?

அவரை விடச் சொல்லி நான் சர்க்காருக்கு மனு எழுதினேன். திருமுல்லைவாயிலில் இருக்கும் வக்கீல் ஒருவர் அதைத் திருத்திக் கொடுத்தார். அத்தா அதை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். பூக்கடைக்காரர்கள் சிலர் கையெழுத்துப் போட்டார்கள். நம்மிடம் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சால் வாங்கும் விவசாயிகள் சிலர் கைநாட்டு வைத்தார்கள். போலீஸ் விவகாரம் என்று ஒதுங்கினவர்கள்தான் அதிகம். முத்தவல்லியிடமும் போனார். "நான் போடமாட்டேன் இஸ்மாயிலு" என்றார் அவர். "போட்றவங்கள வாணாம்னும் சொல்லமாட்டேன்." அவரால் அவ்வளவுதான் முடிந்தது. அத்தா அதற்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

உன் பேராசிரியரும் எழுதினார். பல மாதங்களுக்குப் பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பட்டணத்தில் ஒரு பெரிய அறை. மேசைக்கு அப்புறம் வெள்ளைக்கார அதிகாரி. அத்தாவும் நானும் இந்தப் பக்கம் நின்றோம். வால்டர் அங்கே இல்லை, அவருடைய காகிதங்கள் மட்டும் இருந்தன. அதிகாரி எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, இவர் வெளியே வந்தால் யார் பொறுப்பு என்றார். நாங்கள் என்றேன். உங்கள் மதமா? இல்லை. உறவா? இல்லை. வேலைக்காரரா? இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் அவர் உங்களுக்கு யார்?" என்று கேட்டார்.

கேள்வியை அத்தாவிடம் தமிழில் சொன்னேன். அத்தா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எம் புள்ள கூப்ட்டு வந்தவரு தொர. புள்ள பூட்டான். கூப்ட்டது பூடுமா?"

முத்தவல்லிக்கு அன்று சொல்ல முடியாமல் போன பதில் அது. அத்தனை மாதம் அதை நெஞ்சிலேயே வைத்திருந்திருக்கிறார். நான் அதை இங்கிலீஷில் சொல்லப் பார்த்தேன். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதிகாரி காத்திருந்தார். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் எதையோ குறித்துக்கொண்டு, போகலாம் என்றார்.

அத்தா பேசியதால்தான் விட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வால்டரைப் போன்ற அகதிகள் பலரை விசாரித்து விட்டுக்கொண்டிருந்தார்கள். எப்படியோ, விட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை பூந்தமல்லி போலீஸ் ஸ்டேஷனில் முகம் காட்டவேண்டும், உத்தரவில்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று நிபந்தனை. மெலிந்து, முன்தலை நரைத்துத் திரும்பி வந்தார். அம்மா அவரைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, பாதி ஆளத்தான் அனுப்பிக்கிறாங்க" என்றாள். அவருக்குப் புரிந்தது. முகாமில் இருந்த காலத்தில் தமிழ் மறக்கவில்லை.

வந்த மறுநாள் உன்னைப் பார்க்கவேண்டும் என்றார். கபரஸ்தானுக்குள் விடுவார்களோ மாட்டார்களோ என்று அத்தாவுக்குப் பயம்தான். ஆனாலும் கூட்டிக்கொண்டு போனார். மற்றதை அத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் தலைமாட்டில் வால்டர் தொப்பியைக் கழற்றாமல் நின்றாராம். அவர்கள் வழக்கத்தில் அதுதான் மரியாதையாம். பிறகு, அதுவும் அவர்கள் வழக்கப்படி, தரையில் தேடி ஒரு கூழாங்கல்லை எடுத்து உன் மண் மேல் வைத்தாராம். முத்தவல்லி வேலியோரம் மர நிழலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அத்தா அவர் வாயையே பார்த்திருக்கிறார். கல்லைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "அந்த ஆள நெழலுக்கு வரச் சொல்லு இஸ்மாயிலு. மண்ட காஞ்சி வுழுந்துடப் போறான்" என்றாராம்.

அவ்வளவுதான் அண்ணா. முத்தவல்லி நம் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. நசரத்பேட்டைக்காரர்கள் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் தெருவில் கல்யாண மேளம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. வால்டரின் தாயார் மகனை விரட்டிய அந்தத் தேசத்திலேயே தங்கிவிட்டார். மகனை அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிறேன் என்று சொன்னவர். சண்டை வந்தபின் அங்கே நேராகத் தபால் போவதில்லை. ஜெனீவாவில் நீங்கள் இருவரும் தங்கியிருந்த விடுதிக்கார அம்மாளுக்கு நான் எழுதுகிறேன். அவர் அங்கிருந்து தாயாருக்கு எழுதிப் பார்க்கிறார். முதலில் ஒரு பதில் வந்தது, சுகமாக இருக்கிறேன் என்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் வால்டர் சுத்தியலை நிறுத்துகிறார். நம் வாசலைத் தாண்டிப் போனதும் மறுபடி தட்ட ஆரம்பிக்கிறார். அத்தா நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்க்க அவருக்குத் தைரியமில்லை என்று நினைக்கிறேன். நீ இருந்திருந்தால் வால்டரிடம் என்ன பேசியிருப்பாய்?

எனக்குப் பேசத் தெரியவில்லை. எழுதத் தெரிகிறது. அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். அந்தத் தாயாருக்கு நான் மாதா மாதம் எழுதுவேன். பதில் வந்தாலும் எழுதுவேன், வராவிட்டாலும் எழுதுவேன். உங்கள் மகன் இங்கே இருக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார், எங்களோடு இருக்கிறார் என்று. சண்டை எப்படி முடிந்தாலும், யார் வந்து என்ன கேட்டாலும், அவரைப் போகச் சொல்லி ஒரு வார்த்தை இந்த வீட்டிலிருந்து வராது. உன் இடத்தில் நின்று சொல்கிறேன். நீ நிம்மதியாக உறங்கு.

உன் கூடப் பிறந்தவள்,
ஜைனப்